வெங்காய லொறி முந்திய நாள்

ஐம்பதுகளின் கடைசியில், மாத்தளை டவுனில், என் நிக்காஹ் நாளன்று நடந்தது இது. இரண்டு நகரங்களுக்கு நடுவே விமானம் எவ்வளவு நேரத்தில் போகும் என்ற கணக்கைப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

பெண்ணுக்குத் தகப்பன் இல்லை; வாப்பா முன்பே மௌத்தாகியிருந்தார். அதனால் அவளுடைய அண்ணன், மூத்த நானாதான் வொலி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்படைக்க வேண்டியவர் அவர். மிளகு வியாபாரி. யாழ்ப்பாணத்துக்கு லொறியில் மிளகு கொண்டுபோயிருந்தார். திரும்பும்போது மறுநாள் விருந்துக்கு வெங்காயம் கொண்டுவருவதாகப் பேச்சு.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பெண் வீட்டில் போய் உட்கார்ந்தோம். நானாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் லொறி வந்து நின்றது. டிரைவர் இறங்கியதுமே, "முதலாளி சாப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

"என்னப்பா கேக்கிற? அவர் ஒன்னோடதானே வாறது?" என்றார் என் மாமா.

"இல்லீங்க. வெங்காயம் ஏத்த நேரமாகிச் சொணங்கிச்சு. பிளேன் ஒரு மணித்தியாலத்தில கொழும்புக்குப் போயிடும், நான் முந்திப் போயிருவேன்னு காலையிலயே ஏறிட்டாங்க."

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரிய தெரு, தம்புள்ளை வழியாக நேரே எங்கள் ஊருக்கே வந்துவிடும். கொழும்போ அதையும் தாண்டி, தென்மேற்கே கடற்கரையில். அங்கே இறங்கினால் மறுபடி மலையேறி வரவேண்டும். அவசரத்தில் அவர் அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. காலையில் பிளேன் ஏறியவர் பொழுது சாயும்வரை வந்து சேரவில்லை என்பது மட்டும்தான் எல்லார் மனதிலும் நின்றது. உள்ளே பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "காதியார் வொலியா நிண்டு முடிச்சு வெக்கட்டும். இல்லாட்டி நாங்க எழும்பிப் போறோம்."

திரைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் தாய், மாமி சொன்னார்: "மகள் ஒத்துக்கிறாளில்ல. நானா வந்து கைபிடிச்சுக் குடுக்காம வேணாங்கிறா."

மாமா எழுந்துவிட்டார். அதுவரை பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. "நீங்க போங்க மாமா. நான் இருக்கேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"கல்யாணம் முடியமுந்தியே அந்தப் பக்கம் சாஞ்சிட்டியா?" என்று முறைத்தார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கசங்கிய கோட்டோடு நானா இறங்கினார். கொழும்பில் ரயிலைத் தவறவிட்டு, கண்டிக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்திருக்கிறார்.

"வாங்க பிளேன்காரரே! மேலேருந்து ஊரு தெரிஞ்சிச்சா?" என்றார் மாமா.

"தூரத்தில நம்ம மலை தெரிஞ்சிச்சு. பஸ்ஸா அது, மணியடிச்சு எறங்கிறதுக்கு?"

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தவர், நிக்காஹ் முடிந்த பிறகும் அதை விடவில்லை. பிறகு பிளேனில் கொடுத்த டொபி மிட்டாயைப் பையிலிருந்து எடுத்து, தங்கச்சிக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

இப்போதும் பிள்ளைகளின் கணக்குக்கு ஒரு மணித்தியாலம் என்றுதான் விடை சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் வீட்டிலிருப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை என்பதை, என் கையை விடாமல் பிடித்திருந்த அந்தக் கைதான் எனக்குச் சொல்லித் தந்தது.