பிஸ்கட் டின்னில் விழுந்த ஓட்டுகள்

காலை பத்தே காலுக்கு அது தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பெண்கள் ஒருவர்கூட வரவில்லையே என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த பொதுத்தேர்தல் அது. சேந்தமங்கலத்தில் ஆசிரியையாக இருந்த என்னை, கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டு வாக்குச்சாவடி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். பல ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள். பெண்களின் விரலில் மை வைப்பது என் வேலை. ஆண்கள் காலையிலிருந்தே நின்று ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

கிழங்குக் கூடையோடு ஒரு பெண் அந்த வழியே போனாள். சாவடிக்குத் தலைமை அதிகாரியாக வந்திருந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவளைக் கூப்பிட்டு, ஓட்டுப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

"நாங்க போன வெள்ளிக்கிழமையே போட்டாச்சுங்க. கண்ணாடி போட்ட புள்ளை ஒண்ணு பொட்டி கொண்டாந்துச்சு. வெரல்ல மையும் வெச்சுடுச்சுங்க."

மூன்று ஊர்ப் பெண்களும் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

அதிகாரி சிரித்தார். "எனக்கு முன்னாடியே ஒருத்தரு இங்க எலெக்‌ஷன நடத்தி முடிச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க, டீச்சர்."

கண்ணாடி போட்ட அந்தப் பிள்ளை என் மகள்.

மதராஸில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். தேர்தல் பிரசாரத்தில் பெண்களிடம் என்ன பேசுகிறார்கள், அதில் எது அவர்கள் மனத்தில் தங்குகிறது என்பது அவள் ஆராய்ச்சி. இதெல்லாம் ஒரு படிப்பா, கல்யாணத்தைப் பண்ணி வை என்று உறவினர்கள் சொன்னபோது, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். முன்பெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. அவரவர் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். இந்த முறை எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில். அதில் முத்திரை குத்த வேண்டும். பிரசாரத்துக்கு வந்தவர்கள் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்களே, பெண்களுக்குப் புரிந்ததா என்று பார்க்க, சின்னங்கள் வரைந்த மாதிரிச் சீட்டுகளோடு என் மகள் ஊர் ஊராகப் போனாள். பேசச் சொன்னால் வெட்கப்படுகிறவர்கள் பெட்டியில் போடச் சொன்னால் போடுவார்கள் என்பது அவள் கணக்கு. ஒருத்தியை இரண்டு தடவை சேர்த்துவிடக் கூடாதென்று, போட்டவர்கள் விரலில் பேனா மையைத் தொட்டு வைத்திருக்கிறாள்.

இது என் படிப்புக்காக என்று ஒவ்வொரு ஊரிலும் சொல்லித்தான் ஆரம்பித்தாளாம். யார் கேட்டார்கள்? முத்திரை குத்தி, பெட்டியில் போட்டு, விரலில் மை வைத்தால் ஓட்டுப் போட்டாயிற்று என்று பிரசாரக்காரர்கள் பாடமாகச் சொல்லியிருந்தார்கள். பாடம் நன்றாகவே மனத்தில் ஏறியிருந்தது.

பெட்டி என்பது எங்கள் வீட்டு பிஸ்கட் டின். மூடியில் சீட்டு நுழைகிற அளவுக்குக் கத்தியால் வெட்டிக் கொடுத்தது நான்.

அதிகாரியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். பன்னிரண்டு மணி ஆயிற்று. அதற்குள் விஷயம், சாவடியில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சி ஏஜெண்டின் காதுக்குப் போய்விட்டது. கள்ள ஓட்டுக் கேள்விப்பட்டிருக்கிறேன், கள்ளத் தேர்தலையே இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, பெட்டி கொண்டுவந்த பெண்ணைப் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்று மனு எழுத உட்கார்ந்தார். பேனா காகிதத்தில் உரசும் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து, அது என் மகள்தான் என்றேன்.

அதிகாரி கையிலிருந்த பட்டியலை மூடி வைத்தார்.

"ரெண்டு மணி நேரமா வாயத் தொறக்காம உக்காந்திருந்தீங்களே, டீச்சர்." பிறகு சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொம்பளைங்க வந்துட்டா நான் மேல எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வரலீன்னா எழுதித்தான் ஆகோணும்."

அதுவரை பொறுக்கும்படி ஏஜெண்டையும் கேட்டுக்கொண்டார். மகள் அன்று வாழவந்தி நாட்டில் தங்கியிருந்தாள். தலையாரியிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவள் நடந்து வந்து மூன்று ஊர்களுக்கும் போய், அது ஓட்டு இல்லை என்று அந்தப் பெண்களை நம்ப வைக்க வேண்டும்.

அந்தப் பிற்பகலை நான் இன்னும் கடந்து வரவில்லை. தலையாரி வழியில் சாராயம் குடித்துவிட்டுப் படுத்துவிட்டால்? எங்களை ஏமாற்றினாயா என்று பெண்கள் அவளை அடித்துவிட்டால்? ஜெயிலுக்குப் போன பெண்ணைப் பல்கலைக்கழகம் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமா? இப்போது அவள் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். பெண் வேட்பாளர்கள் மேடையில் பேசுவதைக் குறிப்பெடுக்க ஒவ்வொரு தேர்தலுக்கும் கிளம்பிவிடுகிறாள். பையைத் திறந்து காட்டு என்று நான் கேட்பதும், அவள் கோபித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

நான்கு மணிக்கு ஆண்கள் வரிசை தீர்ந்தது. பெட்டிக்கு முத்திரை வைக்க அதிகாரி அரக்கையும் மெழுகுவர்த்தியையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஏஜெண்ட் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நாலரை. நாலே முக்கால். நான் எழுந்து வெளியே வந்தேன்.

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கையில், மேட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் பேச்சுக்குரல் கேட்டது. சண்டைபோடுகிற மாதிரிக் குரல்கள். பிறகு தலைகள் தெரிந்தன. மாராப்பில் குழந்தைகளோடும் கையில் களைக்கொத்தோடும், காட்டில் நின்றவர்கள் நின்றபடியே வந்திருந்தார்கள். கடைசியில் ஒரு காலில் மட்டும் செருப்போடு என் மகள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குள் வரிசையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் போடலாம் என்று அதிகாரி உரக்கச் சொன்னார். முதலில் வந்தவள் காலையில் கிழங்குக் கூடையோடு போனவள். மை வைக்க விரலைப் பிடித்தேன். அவள் விரலைக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க டீச்சர், அது பொய்ப் பொட்டின்னு உங்க புள்ளை இன்னிக்கு வந்து சொல்லுது. இதும் பொய்யின்னு நாளைக்கு நீங்க வந்து சொல்ல மாட்டீங்கல்ல?"