வேட்டைக்குக் கட்டிய சோறு

எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு முறை மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. சோறு சுமக்கத்தான் போனார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸின் ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்தோம். அப்பாவின் மேனேஜர் ஆறடிக்கு மேல் உயரமான டெக்சாஸ்காரர். ஒருநாள் மத்தியானம் அப்பாவின் டப்பாவிலிருந்து ஒரு துண்டுக் கோழியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். கண்ணில் தண்ணீர் கொட்டியதாம். துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு கேட்டாராம். அடுத்த வாரமே அழைப்பு வந்துவிட்டது.

மேனேஜரின் மாமனாருக்கு மேற்கு டெக்சாஸில் மலையும் முட்புதருமாகப் பெரிய காடு இருந்தது. டிசம்பரில் மேனேஜரும் அவர் தம்பியும் அங்கே மான் சுடப் போவது வழக்கம். ரோடு முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு ஆறு மைல் நடக்க வேண்டும். உள்ளே கடையும் இல்லை, போனும் இல்லை. மூன்று நாளைக்கு வேண்டியதை முதுகில்தான் சுமந்து போக வேண்டும். சுடுகிற வேலை எங்களுடையது, சாப்பாடு உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம் மேனேஜர்.

"நாலு வருஷமா குட் மார்னிங்குக்கு மேல பேசாத மனுஷன்," என்றார் அப்பா. "இப்ப வீட்டு ஆளுகளோட கூப்பிடறார். நம்ம கிரீன் கார்டு பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறதும் அவர்தான். சாப்பாட்டுல மட்டும் சொதப்பக்கூடாது."

"சாப்பாட்டை என்கிட்ட விடுங்க," என்றாள் அம்மா.

அம்மா நாமக்கல் பக்கம். கல்யாணத்துக்கு ஆள் வந்தாலும் சரி, கரண்டு ரீடிங் எடுக்க ஆள் வந்தாலும் சரி, அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் சமையல்தான். திங்கட்கிழமை ஆரம்பித்தாள். முறுக்கு சுட்டு ஒரு பெரிய தகர டின்னில் நிரப்பினாள். தக்காளித் தொக்கு கிளறினாள். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல் எண்ணெயிலேயே கோழியைச் சுருள வதக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கினாள். வியாழக்கிழமை புளிசாதமும் சப்பாத்தியும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், எங்கள் பக்கத்தில் இருக்கும் சீடர் என்கிற ஊசியிலை மரங்கள் டிசம்பரில் மகரந்தத்தை அள்ளி இறைக்கும். அந்த வருடம் அம்மாவுக்கு இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டு, பெருங்காயத்தை முகத்தருகே பிடித்தாலும் தெரியாத நிலை. அதனால் என்னை அடுப்பு மேடைமேல் உட்காரவைத்து, "பச்சை வாசம் போயிருச்சா பாரு கண்ணு" என்று கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். அந்த வாரம் முழுக்க அம்மாவின் மூக்கு நான்தான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்பாவுக்கு வேறொரு கவலை. பை நாற்பது பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குளியலறையிலிருந்த எடை மெஷினை ஹாலில் கொண்டுவந்து போட்டார். முதலில் வெறும் ஆளாக ஏறுவார், பிறகு பையை மாட்டிக்கொண்டு ஏறுவார், மனக்கணக்காகக் கழிப்பார். நாற்பத்தாறு. ஒரு டப்பாவை வெளியே வைப்பார். பல் துலக்கிவிட்டு வந்து ஏறினால் நாற்பத்தெட்டு இருக்கும். அம்மா அந்தப் பக்கமே வராதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

"ஏய், இது வேட்டை. பொண்ணு பார்க்கப் போகலை."

"மூணு ஆம்பளைங்க மூணு நாள். பத்தலைன்னா யாருக்கு அசிங்கம்? உங்களுக்கா, எனக்கா?"

கடைசியில் போர்வை ஒன்றை எடுத்துவிட்டுச் சோற்றை உள்ளே வைத்தார்கள். எங்கள் வீட்டில் குளிருக்கும் பசிக்கும் சண்டை வந்தால் பசிதான் ஜெயிக்கும்.

வியாழக்கிழமை சாயந்தரம் எல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கறிச்சோறு கட்டிக்கொண்டு காட்டுவழி போனால், கூடவே ஒரு அடுப்புக்கரித் துண்டை வைத்து அனுப்புவார்கள். இல்லாவிட்டால் வாசனைக்குக் காத்து கருப்பு பின்னாலேயே வருமாம். அப்பா சிரித்தார்.

"டெக்சாஸ் பேய்க்கு நம்ம காரம் தாங்காது. அதுவே ஓடிரும். இனி ஒரு அவுன்ஸ் ஏத்துனாலும் நான் தூக்கமாட்டேன், ஆமா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசவில்லையென்றால் ஒத்துக்கொண்டாள் என்று அப்பா நினைப்பார். பத்து வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அவர் குளிக்கப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளிடம் ஒரே ஒரு கரித்துண்டு வாங்கிவரச் சொன்னாள். அந்த அம்மாள் வாரா வாரம் கொல்லையில் கறி சுடுகிறவர். நான் போய்க் கேட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார். பேய்க்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றேன். கராஜிலிருந்த பெரிய பையில் கைவிட்டு, தலையணை மாதிரி அச்சில் வார்த்த கறுப்புக் கட்டிகள் இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

வரும் வழியில் மோந்து பார்த்தேன். பெட்ரோல் பங்க்கின் வாசனை அடித்தது. எனக்குப் பெட்ரோல் பங்க் வாசனை ரொம்பப் பிடிக்கும். அமெரிக்கக் கரி இப்படித்தான் மணக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பூரிக்கட்டையால் கட்டிகளை உடைத்தாள். கோழி டப்பாவில் ஒரு துண்டு. பக்கத்தில் இருப்பதால் அதற்கும் கறி வாசம் ஏறியிருக்கும் என்று புளிசாதத்தில் இரண்டு, சப்பாத்தியும் தொக்கும் வைத்த டப்பாவில் ஒன்று. முறுக்குக்கு எந்தப் பேயும் வராது என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். மூடுவதற்கு முன்னால் ஒரு துண்டை என் மூக்கருகே நீட்டினாள்.

"ஏதாச்சும் வாசம் அடிக்குதா, கண்ணு?"

டிவியில் என் கார்ட்டூன் ஆரம்பிக்கிற நேரம். "நத்திங் மா," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேனேஜரின் பிக்கப் வண்டி வந்தது. அப்பா முதுகில் பையோடு, முன்பக்கமாகச் சாய்ந்து நடந்துபோய் ஏறிக்கொண்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். வேட்டைக்குப் புதுச் சட்டை போட்டுப் போன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் அதே பையிலிருந்து கரியை அடுப்பில் கொட்டி ஒரே ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். குபீரென்று என் உயரத்துக்குத் தீ எழுந்தது. நான் பயந்து பின்வாங்கியதைப் பார்த்துச் சிரித்தார். இது எண்ணெயில் ஊறவைத்த கரி, அதனால்தான் உடனே பிடிக்கிறது என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாயா, வாயில் கீயில் வைத்துவிடாதே, அது விஷம் என்றும் சொன்னார்.

அந்த நிமிடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வரை நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்பா செத்துவிடுவார். ஒன்று விஷத்தில் சாவார், இல்லையென்றால் ராத்திரி குளிருக்கு நெருப்பு மூட்டும்போது பையோடு பற்றிக்கொண்டு சாவார். போன் இல்லாத காட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவது? அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று உள்ளே ஓடினேன். அவள் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கும் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, நான் ஒருத்திதான். நாலு நாள் நின்னு பண்ணேன். மூணு பேருக்கும் இந்நேரம் என் சாப்பாடுதான் ஓடிட்டிருக்கும்."

நான்கு வருடத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. டிரைவிங் தெரியாது, இங்கிலீஷ் பேச வராது, அப்பா ஆபீஸ் பார்ட்டியில் ஒரு மூலையில் தட்டோடு நிற்பாள். அவள் கையால் செய்தது ஒன்று முதல்முறையாக அந்த மனிதர்கள் நடுவில் போயிருந்தது. வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டேன். ஹால் காலண்டரில் இருந்த முருகனிடம் போய், இனி கார்ட்டூனே பார்க்கமாட்டேன், அப்பாவை மட்டும் அனுப்பிவிடு என்று பேரம் பேசினேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றாள். அவளுக்கு அதற்குள் கஷாயத்தில் மூக்கு திறந்துவிட்டிருந்தது.

ஞாயிறு நாலு மணிக்குப் பிக்கப் வந்து நின்றது. அப்பா இறங்கினார். மூன்று நாள் தாடி, புதுச் சட்டையெல்லாம் மண். ஆனால் முழுசாக இருந்தார். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். "மூணு நாள்தானே போனேன், எதுக்குக் கண்ணு அழறே?" என்றார். மான் ஒன்றும் சிக்கவில்லையாம். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அம்மாவின் கையைக் குலுக்கி, உங்கள் சாப்பாட்டை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பையைத் திறந்தால் எல்லா டப்பாவும் காலி. ஒரு பருக்கை இல்லை, கரித்துண்டும் இல்லை.

அப்படியானால் அந்த அம்மாள் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். முருகன் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது பதினாறு வருடம் கழித்து. என் கல்யாணத்துக்கு மேனேஜர் வந்திருந்தார். பந்தியில் முறுக்கைப் பார்த்ததும் அடக்கமுடியாமல் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் நாள் சாயந்தரம் டப்பாக்களைத் திறந்ததும் அந்த மலையே எண்ணெய் நாற்றம் அடித்ததாம். காப்பி போட எடுத்துவந்த அடுப்பின் எண்ணெய் கசிந்துவிட்டது, பையைச் சரியாகக் கட்டாதது என் தப்பு என்று அப்பா மன்னிப்புக் கேட்டாராம். மூன்று நாளும் மூன்று பேரும் முறுக்கும் கறுப்புக் காப்பியும்தான். அப்பா குழி தோண்டிச் சோற்றைப் புதைத்தாராம். அதற்கு முன்னால் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, ஒரே ஒரு துண்டுக் கோழியை மென்று, இருமிக்கொண்டே முழுங்கினாராம். ஏன் என்று மேனேஜர் கேட்டதற்கு, நான்கு நாள் சமைத்தாள் என்று மட்டும் சொன்னாராம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா தோசை ஊற்றினாள். அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது தோசை கல்லில் வேகும்போது, அம்மா கழுவப் போட்டிருந்த டப்பாக்களில் ஒன்றை எடுத்துத் திறந்தாள். மூடியை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். அடுத்த டப்பாவையும் திறந்து மோந்து பார்த்தாள். தோசை தீய்கிற வாசம் வந்த பிறகுதான் திரும்பினாள்.

"சிக்கன் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "நல்லா இருந்துச்சு. கொஞ்சம் காரம் தூக்கல்."

"அடுத்த தடவை குறைச்சுக்கறேன்."

"இல்ல, அப்படியே பண்ணு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். கரண்டி கரண்டியாக மாவை எடுத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். நெய்யை இரண்டு மடங்கு விட்டாள். முறுகலாக வந்ததையெல்லாம் அப்பா தட்டில் போட்டாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சீடர் அலர்ஜி இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவும் போதும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பதினோராவது தோசையோடு பாத்திரத்தில் மாவு தீர்ந்துபோனது. எனக்கென்று ஒன்றுகூட யாரும் வைக்கவில்லை. நான் காலை உதைத்துக்கொண்டு என் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இவர்களுக்கு நான் ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டது என்று எனக்கு ஒரே கோபம்.