பலகை மாட்டாமல் மூடிய கடை

“குற்றச்சாட்டு: பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை, தாங்கள் வெளியிட்ட புதிய பொதி, நிரல்மொழியின் பழைய பதிப்பைக் கைவிட்டுவிட்டது. கைவிட்ட செய்தியை உரிய இடத்தில் அறிவிக்கவில்லை.”

இரண்டே விரல்களால் தட்டியபடி வாய்விட்டுப் படிக்கிறார் வக்கீலம்மா. சட்டம் படித்தவர் அல்லர். கணவர் வீட்டாரின் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கணினியைக் கவனித்துக்கொள்பவர். தேதி குறிப்பிடாமல் அவர் யார்மீதும் குறை சொன்னதில்லை. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

பட்டறையின் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கு அந்தப் பழைய பதிப்பு மட்டுமே புரியும். பதிப்பை மாற்றுவதென்றால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும். கண் அளவுச் சீட்டை இயந்திரத்திடம் சேர்ப்பிக்கும் நிரலைத் தானே கற்று எழுதியவர் இவர். முகம் தெரியாதவர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்த நிரல்கள், அதாவது பொதிகள், சில அதற்குத் துணை. திங்கட்கிழமைதோறும் அவற்றைப் புதுப்பிப்பார். இன்று காலையும் புதுப்பித்தார், லென்ஸ் தேய்க்கும் சக்கரம் நின்றுவிட்டது.

“நீங்க கை வெச்சீங்க, அது நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் அண்ணி?” என்று நாத்தனார் கல்லாவிலிருந்தே கேட்டார். “வெளியாளுங்களுக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் உங்க நிரலைத் தூக்கிட்டு அவங்களோடத போட்டுருவாங்க.”

“சந்தர்ப்ப சாட்சியம் செல்லாது. கொஞ்சம் பொறு.”

ஒவ்வொரு பொதியும், ‘இன்ன பதிப்பு முதல்தான் ஓடுவேன்’ என்று தன் நெற்றியில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். வரி இருந்தால், பழைய பதிப்பு உள்ள கணினியில் நிறுவும் கருவி புதிய பொதியைத் தொடாமல், ஒத்துப்போகும் முந்தைய பொதியை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு புதியதையே கொண்டுவந்து இறக்கும். வக்கீலம்மா புதிய பொதியைப் பிரித்துப் பார்த்தார். அந்த வரியைக் காணோம். முந்தைய பொதியில் இருந்தது. நாற்காலி பின்னால் சாய, எழுந்தே விட்டார்.

எதையும் தூக்கி எறியாத மனிதர். முந்தைய பொதியின் நகல் கையிலேயே இருந்தது. அதைப் போட்டதும் சக்கரம் சுழன்றது.

“நீங்க நிறுத்தினத நீங்களே ஓட்டிட்டீங்க. அவ்வளவுதான?” என்றார் நாத்தனார்.

அந்தச் சொல் சுட்டதால்தான் இந்தப் புகார். அனுப்பிய சூட்டோடு, பொதியை எழுதியவர்களிடமிருந்து பதில் வந்தது: “பழைய பதிப்பை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்? மாற்றிவிடுங்கள்.” புகாரையும் மூடிவிட்டார்கள்.

“மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க,” என்று நாத்தனார் சிரித்தார்.

வக்கீலம்மாவின் காது மடல் சிவந்தது. மூடிய புகாரை மீண்டும் திறந்தார். “கடையை மூடுவது தங்கள் உரிமை, அதை நான் கேட்கவில்லை. மூடிய கடைக்குப் பலகை மாட்டாமல், வருகிறவர்களை உள்ளே விழ விட்டதே குற்றம்.” இரண்டு பொதிகளின் நெற்றியையும் அருகருகே வைத்துக் காட்டினார். அனுப்பிவிட்டு, திரையை முட்டிவிடுவதுபோல் குனிந்து உட்கார்ந்தார். நாத்தனாருக்கும் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“வந்துடுச்சு அண்ணி, படிங்க, படிங்க.”

“அமைப்புக் கோப்பை மாற்றி எழுதியபோது அந்த வரியை விட்டுவிட்டோம். தவறு எங்களுடையது. அந்தப் பொதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.”

நாத்தனார் அதை இரண்டு முறை படித்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “சரி அண்ணி, தெரியாம பேசிட்டேன். அவங்கள வர வேணாம்னு சொல்லிடறேன். இதோட விடுங்க.”

வக்கீலம்மா அச்சுப்பொறியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டையும் நாத்தனார் பக்கம் நகர்த்தினார்.

“எழுத்துல குடு. மேல தேதி போடு.”