மூன்றாவது திங்கட்கிழமை

அக்காவுக்குப் பதினைந்து வயதில் தொண்டை வலி வந்தது. அது முட்டியில் இறங்கி வீங்கி, கடைசியில் இருதயத்தில் போய் நின்றது. இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, ஒரு தவணைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் ராஜபாளையத்திலேயே போட்டால் விஷயம் வெளியே தெரியும், நெஞ்சு நோய்க்காரியை எவன் கட்டுவான் என்று அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவாள். இருபத்தொரு நாள் என்றால் எப்போதும் ஒரே கிழமைதான் வரும். அம்மா திங்கட்கிழமையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருக்கிற மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமிக்கு வேண்டுதல் என்று தெருவில் சொல்லிவைத்தாள். முழுப்பொய் என்று சொல்ல முடியாது. ஊசி போட்ட பிறகு அக்கா நொண்டிக்கொண்டே போய்ச் சாமியும் கும்பிடுவாள். துணைக்கு நான். வாயைத் திறக்காமல் இருக்க எனக்குப் பால்கோவா.

அந்த ஊசி மருந்து வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். சில நாள் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்துவார்கள். எனக்குக் காதில் சீழ் வைத்தபோது டாக்டர் ரோஸ் நிறச் சிரப் எழுதிக்கொடுத்து, உன் அக்கா ஊசிக்கு இது தங்கச்சி முறை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினெட்டு வயதில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை போலீஸ். அம்மா மகளின் பக்தியை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போய், வருகிற திங்கட்கிழமை தானும் கூட வருவதாகச் சொன்னாள். சொன்னபடி வந்தும் விட்டாள். பிராகாரம் சுற்றினோம், தேங்காய் உடைத்தோம், ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு தடவைதானே, அடுத்த தவணைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா காதோரம் சொன்னாள். அக்கா தலையாட்டினாள்.

வீடு திரும்பிய பிறகு முழுக்கக் கல்யாணப் பேச்சுதான். அப்பா மண்டபம் பற்றிப் பேசினார். நான் மிச்சமிருந்த என் சிரப்பையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அக்காவிடம் நீட்டினேன்.

"என்னட்டி இது?"

"ஒன் ஊசிக்குப் பதிலு. ரெண்டு கரண்டி குடி, நெஞ்சுக்கு ஒண்ணும் வராது."

அக்கா இரண்டு கரண்டியும் குடித்தாள். பிறகு தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். இனிப்பு மருந்துக்கு எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் அக்கா அம்மாவிடம், "ஊசி போட்டுட்டு வாரேன். அவியகிட்ட நீயே சொல்லிரும்மா. இல்லன்னா நாஞ் சொல்லிருதேன்" என்றாள். தனியாகப் பஸ் ஏறிப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரிந்து சம்பந்தம் நின்றுபோனது. அம்மா ரொம்ப நாள் அக்காவோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. ஆசையாகக் கொடுத்த மருந்தை நம்பாமல் போய் ஊசி போட்டுக்கொண்டாளே என்று எனக்குக் கோபம்.

தங்கச்சி முறை என்றாலும் வேலை வேறு என்பது பின்னால்தான் தெரிந்தது. என் காதுச் சீழை ஆற்றிய சிரப், இரண்டு கரண்டியில் இருபத்தொரு நாள் உடம்பில் தங்கிக் காவல் இருக்காது. அக்கா இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள், என்னை டாக்டரம்மா என்று கேலி செய்கிறாள். அன்று அந்த வீட்டில், தவறிப்போன ஊசியை நினைத்துப் பார்த்தது எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுதான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை.