மூன்று நிமிடப் பிரதி

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஸ்டாப் வாட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெளியுறவு அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், ஆயுதக் குறைப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடம் தட்டச்சர். ஓய்வு வயது தாண்டியும் அவரை விட மனசில்லாமல் பிடித்து வைத்திருந்தார்கள். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூன்று மேசை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு இரும்பு அலமாரி, பக்கத்து மேசையில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள நான். எங்கள் நாட்டிடம் அணுகுண்டு கிடையாது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் கெட்டுப்போனாலே வெளியிலிருந்துதான் ஆள் வரவேண்டும். இப்படிப்பட்ட நாடுகள் பல ஒன்றுசேர்ந்து, குண்டு வைத்திருப்பவர்களைப் பார்த்து, அதை ஒழித்துவிடுங்கள் என்று வருடா வருடம் கேட்போம். அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. நாங்களும் விடுவதில்லை.

இதற்காக வெளிநாட்டில் உலக நாடுகள் எல்லாம் கூடும் கூட்டத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து நிமிடம். நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு எரியும், மைக் தானாக அணைந்துவிடும். பேசுகிறவர்களின் பட்டியல் நீண்டுவிட்டால் தலைவர் அன்று காலையிலேயே ஐந்தை மூன்றாக்கிவிடுவார். அதனால் அக்கா எந்த உரைக்கும் இரண்டு பிரதி தயார் செய்வார். வாய்விட்டுப் படித்து, ஸ்டாப் வாட்சைப் பார்த்து, வெட்டித் தள்ளுவார். தயவு தாட்சண்யமே கிடையாது. ஒருமுறை அமைச்சர் தன் கையாலேயே எழுதிய பத்தியைத் தூக்கிவிட்டு, "அவர் சொல்ல வந்தது மேலயே ரெண்டு வரியில வந்துடுச்சு சார்" என்றார். ஒவ்வொரு பிரதியின் தலைப்பிலும் 'பேசியதே செல்லும்' என்று ஒரு வரி இருக்கும். காகிதத்தில் என்ன இருந்தாலும் சபையில் வாயால் சொன்னதுதான் செல்லுபடி என்று அர்த்தம்.

அந்த வருடம் குண்டு இல்லாத நாடுகள் எல்லாம் சேர்ந்து, குண்டையே தடை செய்யும் ஒப்பந்தம் ஒன்றைத் தாங்களே எழுதுவது என்று முடிவெடுத்தன. அங்கே எங்களுக்காகப் பேசும் தூதர் போன் செய்தார்.

"வருஷா வருஷம் ஆழ்ந்த கவலைன்னே சொல்லிட்டிருக்கோம். பாதிக்கப்பட்டவங்க யாராவது சொன்னது இருந்தா அனுப்புங்களேன்."

நான் அலமாரியைத் திறக்க எழுந்தேன். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "என் தம்பி இருக்கான் சார்."

முப்பத்தோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

தம்பி பதினேழு வயதில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். நடுக்கடலில் ஒருநாள் விடிவதற்கு முன்பே அடிவானம் வெளுத்தது. மதியம் மேல்தளம் முழுக்க வெள்ளைச் சாம்பல் கொட்டியது. ஏதோ ஒரு பெரிய நாடு குண்டைச் சோதித்துப் பார்த்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு பேர் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருவருக்குத் தொண்டையில் புற்று, ஒருவருக்கு ரத்தத்தில். ஆறாவது ஆளான தம்பி அப்போது ரத்தப் புற்றுநோய் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். அக்கா நோட்டும் பேனாவுமாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"என் பேரு வேணாம்க்கா. நான்தான் உயிரோட இருக்கேனே. செத்தவங்க அஞ்சு பேரோட பேரையும் அந்த ஹால்ல யாராவது வாய்விட்டுச் சொல்லணும். அது போதும் எனக்கு."

பதினோரு வரி சொன்னார். சமையல்காரர், இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர், கயிறு இழுக்கும் மூன்று பேர். ஒவ்வொருவர் பெயரையும் அக்கா இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

கடைசியில் கேட்டதுதான் மனதில் நிற்கும் என்பது அக்காவின் தொழில் நம்பிக்கை. அதனால் அந்தப் பதினோரு வரியை உரையின் கடைசியில் வைத்தார். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி, ஐந்துக்குள் தாராளமாக அடங்கியது. அடுத்து மூன்று நிமிடப் பிரதிக்கு உட்கார்ந்தார். முன்னால் தலைவருக்கு வாழ்த்து, பிறகு நட்பு நாடுகளின் அறிக்கையோடு உடன்படுவதாக ஒரு நீண்ட பத்தி. இரண்டிலும் கை வைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மிச்சம் வெட்டுவதற்குத் தம்பி சொன்னதுதான் இருந்தது. பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அமைச்சரையே வெட்டிய கை அன்று ஓடவில்லை. கடைசியில் ஐந்து நிமிடப் பிரதியை மட்டும் அனுப்பினார்.

"சின்னப் பிரதி?" என்றேன்.

"இந்தத் தடவ நேரத்தக் குறைக்க மாட்டாங்க சார்."

அப்படி யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான்.

கூட்டம் தொடங்கியபோது அங்கே காலை, எங்களுக்கு மதியம். நானும் அக்காவும் வார்டில் இருந்தோம். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனில் கூட்டம் நேரடியாக ஓடியது. தம்பி தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு, முகச்சவரம் வேறு செய்திருந்தார். தலைவர் பேசத் தொடங்கினார். பட்டியல் நீளமாக இருப்பதால் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

தூதர் நல்ல மனிதர், ஆனால் எழுதிக் கொடுத்ததை வரிசை தப்பாமல் படிக்கிறவர். வாழ்த்தைப் படித்தார். உடன்படும் பத்தியைப் படித்தார். "எங்கள் நாட்டுக் கப்பல் ஒன்றில்" என்று ஆரம்பித்தபோது விளக்கு சிவந்தது. மிச்சத்தை எழுத்தில் கொடுப்பதாகச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மைக் போய்விட்டது.

"அவ்வளவுதானாக்கா?"

"எழுத்துல இருக்கும்டா. பதிவுல வந்துடும்."

"நீதான சொன்னே, பேசுனதுதான் செல்லும்னு."

அக்கா செல்போனை அணைத்தார். தம்பி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. தலையணையைத் தாழ்த்திச் சாய்ந்துகொண்டு, "சரி, நீயே ஒரு தடவ படிச்சிடு" என்றார்.

அக்கா கட்டிலருகில் நின்று படித்தார். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தினார். ஊசி போட வந்த நர்ஸ் அப்படியே நின்றார். ஐந்து பெயர்களும் முடிந்தன. வழக்கம்போல அக்காவின் இடது கையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. ஐம்பத்திரண்டு வினாடி. தலைவருக்குச் சொன்ன வாழ்த்து அதைவிட நீளம்.

பதினோராம் நாள் தம்பி இறந்துபோனார். ஒப்பந்தம் நிறைவேறியது. குண்டு இல்லாத நாடுகள் எழுந்து நின்று கைதட்டின. குண்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா ஒரே ஒரு பிரதிதான் தயார் செய்தார், மூன்று நிமிடத்துக்கு. மேலிடத்து உத்தரவை நான் நினைவுபடுத்தவில்லை. முதல் வரியிலேயே பெயர்களை வைத்தார். ஐந்தையும் தட்டச்சில் அடித்து முடித்ததும் அவர் விரல் நின்றது.

"நான் அடிக்கட்டுமாக்கா?" என்றேன்.

"வேணாம் சார். நானே அடிக்கிறேன்" என்று ஆறாவது பெயரை அடித்தார்.