பசு ஏற மறுத்த தரை

காஞ்சிபுரம் பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் என் சகலை வீடு கட்டி முடிக்கும் வரை, தரை என்ற ஒன்றைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அலமாரியில் இடம் தீர்ந்த பிறகு புத்தகங்களை அடுக்கி வைக்கும் இடம் என்பதற்கு மேல் அதற்கு ஒரு மரியாதையும் நான் தந்ததில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். நெல் விவசாயம். படிப்பில் என்னைவிடக் குறைவு, மற்ற எல்லாவற்றிலும் கூடுதல். அவர் வீட்டுக் கூடம் முழுக்கக் கறுப்பு கிரானைட். கிரகப்பிரவேசத்தன்று குனிந்து பார்த்தேன். என் வீட்டுக் கண்ணாடி இத்தனை நாளாக நாகரிகம் கருதி மறைத்து வந்த முன்வழுக்கையை அந்தக் கல் ஒளிக்காமல் காட்டியது. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து கல்லை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். வாய்விட்டு ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

கல் பிரமாதம் என்று சகலையிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கல்லுதானே சகலை. மேல நடக்கத்தானே போறோம்."

பீற்றிக்கொள்கிற மனிதரை நிம்மதியாக வெறுக்கலாம். இவர் அதற்கும் வழி வைக்கவில்லை. படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு, பொறாமைக்கு வேறு பெயர் சூட்டிக்கொள்ளலாம். கறுப்பு நிறம் அறையின் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மனைவிக்கு அழகியல் பாடம் நடத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அடுத்து என் முறை வந்தது. உத்திரமேரூரை ஒட்டி என் பங்குக்கு வந்த மனையில் வீடு எழும்பியது. தரைக்கு மொசைக் போடலாம் என்றார் மேஸ்திரி. சிவப்பு சிமென்ட் போதும், கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் என்றாள் மனைவி. இரண்டுமே நியாயம். ஆனால் இரண்டையும் பார்த்து சகலையின் புருவம் ஒரு நூல்கூட உயராது. கிரானைட்டே போட்டால் அவரைப் பார்த்துப் போட்டேன் என்பார்கள். பார்த்துத்தான் போடுகிறேன் என்பது வேறு விஷயம்.

காஞ்சிபுரத்தில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனோம். அப்போதுதான் விட்ரிஃபைட் டைல்ஸ் வந்து இறங்கியிருந்தது. மண்ணையும் கல்பொடியையும் சேர்த்து அழுத்தி, கடும் சூட்டில் சுட்டு, கல்லைப் போலவே ஆக்கிவிடுகிறார்கள் என்றார் கடைக்காரர். ஒரு கிரானைட் துண்டின் மேலும் இதன் மேலும் பேனா மையைச் சொட்டவிட்டார். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்தார். கிரானைட்டில் மங்கலாக ஒரு நிழல் தங்கியது, இதில் சுவடே இல்லை. சாவியால் கீறினார், கோடு விழவில்லை. தந்த நிறம், கண்ணாடிப் பளபளப்பு. விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"பெருநகர் பக்கம் யாராவது இதைப் போட்டிருக்காங்களா?"

"அந்தப் பக்கம் இன்னும் யாரும் எடுக்கல சார்."

எடுத்துவிட்டேன். மனைவி செருப்பைக் கழற்றி, கீழே கிடந்த ஒரு டைல்ஸின் மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, ஈரக்காலோட வந்தா இது மேல நிக்க முடியுமா?"

அவளுக்கு ரசனை போதாது என்று முடிவு செய்தேன்.

கிரகப்பிரவேசம் விடியற்காலையில். சகலை குடும்பத்தை வாசலுக்கு நேராக முன்வரிசையில் நிற்க வைத்தேன். தரை மின்னட்டும் என்று கூடத்தில் எல்லா டியூப்லைட்டையும் போட்டுவிட்டேன். முதலில் பசு உள்ளே போக வேண்டும், பிறகுதான் மனிதர்கள். பக்கத்துத் தெருக்காரர் தம் பசுவைக் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை. படி ஏறியது. ஒரு முன்னங்காலைக் கூடத்தில் வைத்தது. கால் சற்றே வழுக்கியது. குனிந்து பார்த்தது. கீழேயிருந்து இன்னொரு பசு அதைப் பார்த்திருக்க வேண்டும். காலை எடுத்துக்கொண்டு அப்படியே பின்வாங்கியது.

அகத்திக்கீரையைக் காட்டினார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். பசு அசையவில்லை. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். என் பெரியம்மா ஒருத்தி யாரிடமும் சொல்லாததுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பசுமாடே உள்ள வர மாட்டேங்குது. வூட்ல இன்னா கொற கீதோ."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தக் கடையில் செருப்பில்லாமல் நின்றபோது பார்த்த அதே பார்வை.

சகலை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல் பந்தலுக்குப் போனார். அரிசி கொட்டிவிட்டு வைத்திருந்த கோணிப்பைகளை அள்ளி வந்தார். விருந்துக்கு அரிசி கொடுத்தவரும் அவர்தான். வாசலிலிருந்து பூஜை அறை வரை கோணியை விரித்தார். பசு முகர்ந்து பார்த்துவிட்டு, கிராம அலுவலகத்துக்குள் நுழைகிற அதிகாரிபோல நிதானமாக உள்ளே போனது. கூடத்தின் நடுவில் நின்று கோமியமும் விட்டது. அதைவிட நல்ல சகுனம் கிடையாது. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியம்மா சகலையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இருந்ததால் ஆச்சு என்றாள்.

கோணியை எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வயசானவங்க ஈரக்காலோடு வந்து போகிற இடம், விழுந்து வைப்பார்கள், கிடக்கட்டும் என்று பத்துப் பேர் தடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கோணி மேல் நடந்தார்கள், கோணி மேல் உட்கார்ந்தார்கள், மின்விசிறி நன்றாக ஓடுகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சகலை கூடத்துக்கு வந்தார்.

"உன் தரைய நான் இன்னும் பாக்கவே இல்லயே சகலை."

நான் மூலையில் ஒரு கோணியை விலக்கி, மேல்துண்டாலேயே துடைத்துக் காட்டினேன். அவர் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தார். முகத்தை உற்றுக் கவனித்தேன். இதற்காகத்தானே இத்தனையும்.

"எங்க வூட்டதவிட இது நல்லா கீது. வெளிச்சமா கீது. நல்லதா பாத்து எடுத்துகினே."

சொன்னவர் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, அந்த வெறும் தரையிலேயே படுத்தார். ஜில்லுனு கீது என்றார். அடுத்த மூச்சு குறட்டை. அவர் வீட்டுக் கல்லை நினைத்து மாதக்கணக்கில் புரண்டு படுத்தவன் நான். அவரோ, தம்முடையதைவிட நல்லது என்று தாமே ஒப்புக்கொண்ட தரையின் மேல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறியை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டு, பக்கத்துக் கோணியில் நானும் சாய்ந்தேன். தூக்கம் வரவில்லை.