நிற்காத வாழ்த்து

கணிப்பொறியைக் கண்ணால் பார்க்காமலேயே அதற்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை, பெருமைதான். எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேரும், கணிதம் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணும் ஞாயிறுதோறும் வாசகசாலையில் கூடுவோம். நால்வருக்கும் சேர்த்து, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைப் பற்றி ஒரே ஒரு புத்தகம். நாங்கள் எழுதியதை வரிவரியாக வாசிப்போம். அவள் அதன்படி சிலேட்டில் எண்களை அழித்து அழித்து எழுதி விடை சொல்வாள். எங்களுக்குக் கணிப்பொறி அவள்தான்.

பட்டம் வாங்கிய கையோடு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவும் கைக்கடிகாரமும் யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம், நாம் வாழ்த்தையே நிரலாக எழுதிக் கொடுப்போம் என்றேன். பெரிய மேதை என்ற நினைப்பு எனக்கு. அவள் பெயரோடு ஒரு வாழ்த்து வரி பத்து முறை அச்சாகும்படி நானே எழுதினேன். மற்ற இருவரும் பார்த்துத் தலையாட்டினார்கள். அங்கே போய்த்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தோம்.

அடுத்த ஞாயிறு கை நிறைய அச்சுக் காகிதத்தோடு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு பெட்டிக் காகிதம் போயிருச்சுங்க. எம்பேரு வந்துட்டே இருக்குது, நிக்கவே மாட்டீங்குது. மானேசர் ஓடி வந்து, யாரு எழுதுனதுன்னு சத்தம் போட்டாருங்க."

நான் நிரல் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டச் சொல்ல மறந்திருந்தேன்; எண்ணிக்கை பத்தை எட்டாமல் அச்சு நிற்காது. சிலேட்டில் என்றால் நாங்கள் சொல்லாவிட்டாலும் அவளே கூட்டிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தில் வந்த வினை. வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டுக் கொடுப்பதை அப்படியே செய்யும் மெஷினுக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது.

"நீ என்ன சொன்னே?"

"நான்தான் எழுதுனேன்னு சொன்னேனுங்க. தப்பு எங்கேன்னு இப்பவே காட்டு, இல்லீன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு. பாத்த உடனே தெரிஞ்சு போச்சுங்க. விட்டுப்போன வரிக்கு ஒரு அட்டை துளை போட்டுச் சேத்தேன். பத்து வரி வந்து நின்னுருச்சு. அதைப் பாத்துட்டுப் போயிட்டாருங்க. வேலைக்கு ஒண்ணும் பழுதில்லீங்க."

அத்தனை பேர் முன்னால் அவள் திட்டு வாங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"நான் எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே கண்ணு. உன் வேலையே போயிருக்குமே!"

"சொல்லியிருக்கலாமுங்க. மெஷினையே பாக்காதவங்க எழுதுனதுன்னு தெரிஞ்சா அங்க எல்லாரும் சிரிப்பாங்க. என்னை வெய்யட்டுமுங்க. உங்களைப் பாத்து ஒருத்தன் சிரிக்கறதுக்கு நான் விட மாட்டேனுங்க."